இளைக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் காலையில் சேர்ந்து நடக்கிற சின்னக் கூட்டம் எங்களுடையது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவன் என்பதால் கேள்வியெல்லாம் என் பக்கம் வரும். என்ன சாப்பிடுவது என்று கேட்பவர்கள் குறைவு. அது எல்லாருக்கும் தெரியும். "ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல விட்டுப்போயிருதுங் சார், அதுக்கு என்ன பண்றது?" என்பதுதான் அதிகம். அதனால் இந்தப் பக்கமும் பெரும்பாலும் அதைப் பற்றியதே: செய்ததையும் செய்யாததையும் வாராவாரம் இன்னொருவரிடம் கணக்குச் சொல்வது. நான் டாக்டர் இல்லை. நோய், மருந்து என்று வருகிற இடங்களில் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

எதுக்குங் சார் இன்னொரு ஆள்? நம்ம உடம்பு, நாமளே பார்த்துக்க முடியாதா?

முடிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு பழைய கதை. நியூயார்க்கில் ஜீன் நைடெச் என்று ஒரு குடும்பப் பெண். 1961-ல் அந்த நகரச் சுகாதாரத் துறை நடத்திய எடைக் குறைப்பு முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே கொடுத்த உணவு அட்டவணையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரியில் ஒளித்துவைத்து பிஸ்கட் தின்பதை முகாமில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தன்னைப் போலவே குண்டாக இருந்த தோழிகளை வீட்டுக்கு வரச்சொல்லி அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் தங்கள் ஒளிவிடத்தைச் சொன்னார்கள். வாராவாரம் கூடினார்கள். 1963-ல் அதுவே 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற நிறுவனமாகி உலகமெல்லாம் பரவியது. அட்டவணை முகாமில் கொடுத்த அதேதான். கூடியது, அதைச் சொல்ல ஓர் இடம்.

யாரைப் பிடிக்கலாம்? வீட்டுக்காரரிடமே சொன்னால் போதாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்கிறேன். பாதிப் பேர் கவிழ்கிற இடம் இதுதான்.

கணவன் மனைவி ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்பதை நான் ஊக்குவிப்பதில்லை. "இன்னைக்கு நடந்தியா?" என்ற கேள்வி வாய்க்காலில் கேட்டால் கேள்வி, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டால் குத்தல். மூன்றாம் நாள் அது பழைய சண்டை எதனுடனாவது போய் ஒட்டிக்கொள்ளும். மாமியார் மருமகள் என்றால் சொல்லவே வேண்டாம். பெற்ற பிள்ளைகளும் வேண்டாம். காலேஜ் படிக்கிற மகன் அம்மாவிடம் "ஆப்ல காட்டும்மா" என்று கேட்டால் அது வீட்டுக்குள் தலைகீழ் அதிகாரம். ரெண்டு பேருக்கும் நல்லதில்லை.

தோதான ஆள் எப்படி இருப்பார்? உங்கள் தட்டில் கை வைக்க முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை உறுதியாகப் பார்க்க முடிகிற பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கும் குறைக்க ஏதாவது இருந்தால் நல்லது. குறைந்தபட்சம் பிரஷர் மாத்திரையாவது. ஊர்ப்பேச்சுப் பேசாதவராக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இது கடைசியாகச் சொல்கிற சின்ன விஷயம் இல்லை. "அந்தம்மா தொண்ணூத்திரண்டு கிலோவாமா" என்று சனிக்கிழமை சந்தையில் ஒரு வார்த்தை விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மணி வாய்க்கால் பக்கம் வரமாட்டார்.

எங்கள் கூட்டத்தில் நன்றாக ஓடுகிற ஜோடி, கொழுந்தியாவும் நங்கையாளும் இல்லை. தையல் கடைக்கார அம்மாவும் தபால் ஆபீஸில் வேலை செய்கிற பெண்ணும். உறவு கிடையாது, வயதில் இருபது வருஷ வித்தியாசம். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் குனியமுத்தூரில் இருக்கிற மாமாவைக் கூப்பிட்டுப் புகார் சொல்ல மாட்டார். அடுத்த நாள் நேரில் கேட்பார், அவ்வளவுதான்.

1999-ல் அமெரிக்காவில் விங், ஜெஃப்ரி என்ற ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தனியாக வந்து சேர்ந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் கடைசி வரை இருந்தார்கள். நண்பர்கள், உறவினர் மூன்று பேருடன் சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம். குறைத்த எடையை ஆறு மாதம் கழித்தும் முழுதாகக் காப்பாற்றியவர்கள் தனி ஆட்களில் 24 சதவீதம், கூட்டாளிகளில் 66 சதவீதம். அங்கே உறவினரும் இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள். அவர்களும் எடை குறைக்க வந்தவர்கள். நம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி கணக்குக் கேட்கிற ஆளுக்கு அந்த உரிமை கிடையாது.

அந்த ஆளிடம் என்ன சொல்ல வேண்டும்? எடையையா?

எடையை முதலில் சொல்லாதீர்கள். எடை நம் கையில் இல்லை. நடந்ததும் தின்றதும் நம் கையில். அதைச் சொல்லுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நாளுக்கு ஒரு வரி. மூன்றே விஷயம்: எத்தனை நிமிஷம் நடந்தேன், சர்க்கரை போட்ட டீ காப்பி எத்தனை, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு. தபால் ஆபீஸ் பெண்ணின் நோட்டில் ஒரு வாரம், அவர் அனுமதியோடு:

திங்கள் – 35. டீ 2. ராத்திரி 8.15.
செவ்வாய் – இல்லை (மோட்டார் ரிப்பேர், தண்ணி தூக்கினது). டீ 4. ராத்திரி 9.40, தோசை 4.
புதன் – 40. டீ 2. 8.00.
வியாழன் – 20. டீ 3, பப்ஸ் 1. 8.30.
வெள்ளி – 40. டீ 1. கோயில்ல பொங்கல். 8.00.
சனி – இல்லை. டீ 3. 10.15.
ஞாயிறு – 50. டீ 2. கறி. 3 மணிக்குத் தின்னது, ராத்திரி மோர் மட்டும்.

இதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வாய்விட்டு வாசிப்பார். நோட்டைக் கொடுத்துவிட்டு நிற்பதில்லை. வாசிக்கும்போது 'தோசை 4' என்ற இடத்தில் குரல் எப்படியும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம்தான் வேலை செய்கிறது.

உணவை எழுதிவைப்பதால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. 2008-ல் அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் ஆய்வு மையம் ஏறக்குறைய 1,700 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தினமும் எழுதியவர்கள், எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள்.

கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும்? திட்டலாமா?

பால் சொசைட்டியில் எப்படி? காலையில் பாலை ஊற்றுகிறோம், கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று மெஷின் காட்டுகிறது, அட்டையில் எழுதித் தருகிறார்கள். இன்றைக்குக் கொழுப்பு குறைந்துவிட்டதே என்று செக்ரட்டரி மாட்டுக்காரரை நிற்கவைத்துத் திட்டுவதில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குக் கடையைத் திறக்கிறார். கேட்கிற ஆள் அப்படி இருந்தால் போதும்.

அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "செவ்வாக்கிழமை என்னாச்சுங்?" பதில் வந்தபின், "அடுத்த தடவை மோட்டார் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" அதற்குமேல் அறிவுரை வேண்டாம். யூடியூபில் பார்த்த சீரகத் தண்ணீர் வைத்தியமும் வேண்டாம்.

பாராட்டையும் அளவாக வையுங்கள். "சூப்பர்" என்று ஐந்து பேர் சொன்ன வாரத்துக்கு அடுத்த வாரம்தான் ஆள் காணாமல் போகிறது என்பது என் அனுபவம்.

எடை எப்போது பார்ப்பது?

வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல், அதே மெஷினில். கெடா விருந்துக்கு மறுநாள் ஏறி நிற்காதீர்கள். உப்பும் கறியும் சோறும் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேரத் தேவைக்கு மேல் 7,700 கலோரி பக்கம் உள்ளே போக வேண்டும். ஒரே வேளையில் அத்தனை கெடாக்கறி யாராலும் தின்ன முடியாது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் இதே தண்ணீர்க் கணக்கு உண்டு.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

எடையை கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன். ஐந்தேகால் அடி, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 70 கிலோ இருந்தால் 27 வரும்.

அந்த எண்ணைவிட எனக்கு இடுப்பு டேப் பிடிக்கும். தொப்புள் மட்டத்தில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொப்பை உள்ளவர் ஒல்லியான கை காலைக் காட்டித் தப்பிக்கிற வழியை டேப் அடைத்துவிடும்.

முதல் குறி, இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து. 70 கிலோக்காரருக்கு மூன்றரைக் கிலோ. அதற்கே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். வாரம் அரைக் கிலோ வேகம் தாராளம். "கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தானுங் இருக்குது, பத்துக் கிலோ" என்று வருகிறவர்களுக்கு நான் சொல்வது: நல்ல ஜாக்கெட் தைக்கிற ஆளைப் பாருங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே. எங்கே நடப்பது?

இவர்களிடம் "காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. தூக்கத்தை வெட்டினால் பசிதான் கூடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. அதை ஒரே நீட்டாகச் செய்ய வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம், கம்பெனி வண்டியில் இருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிப் பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். கூட்டினால் 180 வந்துவிடும். டைலர், செக்கிங், அயர்ன் என்று நாளெல்லாம் ஒரே இடத்தில் இருப்பவர்கள் கூடவே வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது என்று தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். இதுவும் அதே நிறுவனம் சொன்னதுதான்.

கணக்குச் சொல்ல உங்களுக்கு வெளியே ஆள் தேட வேண்டாம். பக்கத்து மெஷின்காரர் இருக்கிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற வரிசையில் நிற்கும்போது அந்த வாரக் கணக்கை ஒப்பித்துவிடுங்கள். கூலி கணக்குப் பார்க்கிற நாள், மறக்காது.

டீயை விட முடியவில்லை.

விட வேண்டாம். சர்க்கரையை விடுங்கள்.

பேக்கரி டீயில் இரண்டு ஸ்பூன் போட்டால் பத்து கிராம். நாளுக்கு நாலு டீ என்றால் நாற்பது கிராம் சர்க்கரை, 160 கலோரி. அரை மணி நேர வேக நடையில் 70 கிலோ ஆள் எரிப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். நடந்தது அப்படியே டீ கிளாசில் கரைந்துவிட்டது. கூட ஒரு பப்ஸோ தேங்காய் பன்னோ எடுத்தால் கணக்கு நம் பக்கம் பாக்கி.

கோயமுத்தூர் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான் சாப்பிடுகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் காளான் பேருக்குத்தான். முட்டைக்கோசை மைதாவிலும் கார்ன்மாவிலும் பிசைந்து எண்ணெயில் பொரித்து, மசாலாவில் கொதிக்கவிட்டு, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவது அது. ருசியைக் குறை சொல்லவில்லை. நானும் சாப்பிடுவேன். ஆனால் நோட்டில் "காய்கறி" என்று எழுதக்கூடாது.

நாட்டுச்சர்க்கரை போட்டால்?

நூறு கிராமுக்கு 380 கலோரி பக்கம். வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் எடை விஷயத்தில் வித்தியாசம் பார்க்க முடியாது. கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது, அருமையான சரக்கு, எல்லாம் சரி. ஸ்பூன் ஸ்பூன்தான்.

கொள்ளு தின்றால் இளைக்குமா? "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்கிறார்களே?

பழமொழியில் பாதி நியாயம் இருக்கிறது. கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் பக்கம் புரதம், நார்ச்சத்தும் நிறைய. கடைந்த கொள்ளுப் பருப்பு ஒரு கரண்டி உள்ளே போனால் அடுத்த கரண்டிச் சோறு தானாகக் குறையும். இளைத்தவனுக்குச் சொன்ன எள்ளில் எண்ணெய் அதிகம், அதனால் அந்தப் பாதியும் சரியே. ஆனால் சோற்றையும் குறைக்காமல், மேலே நெய்யும் விட்டு, கொள்ளு ரசமும் குடித்தால் அது கூடுதல் சாப்பாடுதானே தவிர வைத்தியம் இல்லை. கொள்ளிலும் 320 கலோரி இருக்கிறது.

அரிசிம்பருப்புக்கும் இதே. அரிசி ஒன்று, பருப்பு அரை என்று போடுகிற வீடுகளில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்துப் பாருங்கள். ருசி கெடாது. தாளிக்கிற எண்ணெயையும் தேங்காயையும் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு நாளுக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் போதும் என்பது ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டருக்கு மேல் வாங்கினால், மிச்சம் யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நோம்பி, கல்யாணம், கெடாவெட்டு: மாதத்துக்கு நாலு வருகிறது. மறுக்க முடியாதே?

மறுக்கவும் கூடாது. மாரியம்மன் நோம்பிக்கு வந்த ஒறம்பரை (விருந்தாளி) இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு "நான் டயட்டுல இருக்கறனுங்" என்றால் கரண்டி பிடித்த அம்மாவுக்கு அது அவமானம்.

போங்கள், சாப்பிடுங்கள். முதல் நாளே உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு மச்சாண்டார் வீட்டு விசேஷம், ஒப்பிட்டு ரெண்டு, கறி ஒரு தடவை, மறுசோறு வாங்க மாட்டேன்." முன்னாலேயே எண்ணைச் சொல்லிவிட்டால் பந்தியில் கை தானாகத் தடுக்கும். பரிமாறுகிறவரிடம் "போதுங்க" என்பதைவிட, "இருங்க, மெதுவாச் சாப்பிடறேன்" என்று சொல்லி இலையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பது பலிக்கும். காலியான இலையைக் கண்டால்தான் நம் ஊரில் வாளி ஓடிவரும்.

மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவது வேண்டாம். வழக்கமான நாளாக இருக்கட்டும்.

இளைத்தபின் எல்லாரும் "உடம்புக்கு என்ன? சுகரா?" என்று கேட்கிறார்கள். மனது விட்டுப்போகிறது.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊரில் உடம்பு வைத்தால் "நல்லா இருக்கறாங்க", இறங்கினால் "என்னமோ ஆச்சு". நாலைந்து கிலோ குறைந்த மாதத்தில்தான் இந்த விசாரணை ஆரம்பமாகும். அமுச்சி (பாட்டி) ஒருத்தர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "ஏங் கண்ணு இப்படி வத்திப்போயிட்டே, உன் ஊட்டுக்காரன் சோறு போடறானா இல்லையா?" என்பார். அதோடு இரண்டு லட்டைக் கையில் திணிப்பார்.

விளக்கம் சொல்லாதீர்கள். டயட், நடை, கலோரி என்று ஆரம்பித்தால் விவாதமாகி, கடைசியில் "அந்தக் காலத்துல நாங்கெல்லாம்" என்று முடியும். டெஸ்ட் ரிப்போர்ட்டைச் சொல்லுங்கள். "டாக்டர் பார்த்தாருங்க அமுச்சி, பிரஷரு குறைஞ்சிருக்குதாமா" என்றால் போதும். டாக்டர் சொன்னால் எங்கள் அமுச்சிமார் ஒத்துக்கொள்வார்கள். லட்டை வாங்கிக்கொண்டு பாதியைப் பேரனுக்குக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கினால், கூடவே தாகம், அடிக்கடி சிறுநீர், காய்ச்சல், இருமல் இருந்தால், அந்த "சுகரா?" என்ற கேள்வியைத் தட்டிவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

பந்தயம் கட்டலாமா? தோற்றால் ஆயிரம் ரூபாய் என்று?

கட்டலாம், பலிக்கும், ஆனால் நிற்காது. 2008-ல் அமெரிக்காவில் வோல்ப் என்ற டாக்டரின் குழு 57 பேரை வைத்துப் பார்த்தது. பணம் கட்டி, குறி தப்பினால் இழக்கிற ஏற்பாட்டில் இருந்தவர்கள் 16 வாரத்தில் சராசரியாக ஆறு கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். பணம் சம்பந்தப்படாதவர்கள் இரண்டு கிலோவுக்கும் கீழே. ஏற்பாடு முடிந்து சில மாதத்தில் பணம் கட்டிய தரப்புக்கு எடை பெருமளவு திரும்பிவிட்டது.

சீட்டு நடத்திப் பழகிய நம்மவர்களுக்கு இதில் ஆசை அதிகம். செய்வதென்றால் எடைக்குப் பணம் வைக்காதீர்கள், நடைக்கு வையுங்கள். எடைக்கு வைத்தால் கடைசி நாள் தண்ணீர் குடிக்காமல் மெஷினில் ஏறுவார்கள்.

வாட்ஸ்அப் குரூப் போதுமா? ஆப்?

குரூப்பில் முதல் வாரம் நடைப் படம், இரண்டாம் வாரம் காலை வணக்கம், மூன்றாம் வாரம் இட்லிக்கடை பார்வர்டு. எழுபது பேர் இருக்கிற இடத்தில் நீங்கள் வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். நாலு பேருக்கு மேல் போனால் அது கணக்குக் கேட்கிற இடம் இல்லை. ஆப் எண்ணும், ஆனால் அதற்கு முன்னால் யாருக்கும் குரல் இறங்குவதில்லை.

பத்தாயிரம் அடி கட்டாயமா?

இல்லை. அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பேரிலிருந்து வந்தது. வயதான பெண்களிடம் 2019-ல் நடந்த அமெரிக்க ஆய்வில் 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது, 7,500-க்குமேல் கூடுதலாகப் பெரிய பலன் இல்லை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது நல்ல காரியம். புதிதாக வருகிறவர் அதை முதல் நாளே முழுதாக நடந்து முடிக்க வேண்டியதில்லை.

சென்னிமலைப் படி, பழனிப் பாதயாத்திரை?

சென்னிமலையில் 1,320 படி. முட்டி நன்றாக இருந்தால் அருமையான பயிற்சி. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி அதிகம். ஆகவே மூட்டுவலி உள்ளவர்கள் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்கலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் பலர் எடை கூடித் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் அன்னதானம், பானகம், தக்காளிச் சாதம். அது பக்திக்கு நடக்கிற நடை. எடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அதற்காக மார்கழியிலிருந்து நடந்து பழகுகிறார்களே, அந்தப் பழக்கத்தைத் தை முடிந்ததும் விடாமல் இருந்தால் அதுதான் லாபம்.

இரண்டு மாதம் இறங்கிய எடை அப்படியே நின்றுவிட்டது.

உடம்பு சின்னதானால் அதற்குத் தேவையும் குறையும். 80 கிலோவில் இளைக்க வைத்த சாப்பாடு 73-ல் சமமாகிவிடும். கூடவே கை அளவு மெல்ல ஏறியிருக்கும். ஒரு வாரம் எண்ணெய், தேங்காய், கடலை எல்லாம் அளந்து எழுதுங்கள். அப்புறம் இடுப்பு டேப்பைப் பாருங்கள். எடை நின்று இடுப்பு குறைவதும் உண்டு.

மூன்று வாரம் போகவில்லை. முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது.

காரணம் தயாரித்துக்கொண்டு வராதீர்கள். நோட்டில் அந்த மூன்று வாரத்துக்கும் "இல்லை" என்று ஒரே வரி எழுதி, அதை வாசித்துவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். கூட்டாளிக்கு நான் சொல்வது: ஆள் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் போன் செய்யுங்கள், ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். ஒரு வாரமானால் அவருக்கு வெட்கம் வந்துவிடும், பிறகு போனை எடுக்க மாட்டார்.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். நான் இதில் இறங்கலாமா?

டாக்டரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை ரொம்ப இறங்கிப்போகலாம். கை நடுங்கும், வேர்க்கும், கண் மங்கும். பையில் மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கட்டும். உங்கள் கூட்டாளிக்கும் இது தெரிந்திருக்கட்டும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பாலூட்டல் என்றால் எடைக் குறைப்பே டாக்டர் சொல்லித்தான். பிரஷரும் சர்க்கரையும் பார்க்க 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம்.

இப்போது ஊசி வந்திருக்கிறதே?

மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. எடை குறைக்கும் என்பது உண்மை. டாக்டர் சீட்டில்லாமல் தொடக்கூடாத மருந்து, வந்தபோது விலையும் அதிகமாக இருந்தது. வெகோவியில் இருக்கும் செமாகுளுடைடு மருந்தை நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஊசி போடுகிறவருக்கும் நோட்டு வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைகளையும் இதில் சேர்க்கலாமா?

விளையாட விடுங்கள். எடை எழுதாதீர்கள், குண்டு என்று கூப்பிடாதீர்கள்.

எத்தனை காலம் இப்படிக் கணக்குச் சொல்வது?

அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு நடக்கிறது. 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது அதைக் காப்பாற்றியவர்கள் அதில் பேர் கொடுக்கலாம். அவர்களில் நாலில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அதாவது குறைத்து முடித்தவர்களும் நிறுத்தவில்லை.

எங்கள் பழக்கம் இது: முதல் மூன்று மாதம் வாராவாரம். நடை ஒழுங்காகிவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, அமாவாசை என்று வைத்துக்கொண்டால் நாள் மறக்காது. நின்ற எடையிலிருந்து இரண்டு கிலோ கூடினால் எதுவும் பேசாமல் மறுபடி வாராவாரத்துக்கு வந்துவிட வேண்டும். கூட்டாளி கல்யாணமாகியோ மாற்றலாகியோ வெளியூர் போய்விட்டால் போனில் ஒரு மாதம் ஓட்டலாம். அதற்குள் வாய்க்காலில் எதிரே வருகிறவர்களில் ஒருவரைப் பிடித்துவிடுங்கள்.